மருந்தை வெல்லும் கிருமிகளும் மூலிகைகளும்

ஒரு காலத்திற் கைகண்ட மருந்தெனப் போற்றப்பட்டது பிறிதொரு காலத்திற் பயனற்றுப் போதல் வைத்திய வரலாற்றிலே புதுமையன்று. ஆயின், அம்மாற்றம் தலைமுறைகள் பல கழிந்தபின் நிகழாது, மருந்து வழக்கிற்கு வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நிகழ்தல் இருபதாம் நூற்றாண்டு கண்ட புதுமையாகும். பென்சிலின் முதலிய நுண்ணுயிர்க்கொல்லிகளால் அழிந்தொழியும் எனக் கருதப்பட்ட பற்றீரியாக்கள் பல, இன்று அம்மருந்துகளை எதிர்த்து நிற்கும் வன்மை பெற்றுள்ளன. இந்நிலையில் விஞ்ஞானிகளின் பார்வை மீண்டும் செடிகொடிகளின்பாற் சென்றுள்ளது. மூலிகைச் சாறுகள் இக்கிருமிகளைக் கொல்ல வல்லனவா என்னும் வினாவுக்கு, வல்லன என்று அறுதியிட்டுரைப்பாரும், அது வெறும் நம்பிக்கையே என்று புறக்கணிப்பாரும் உளர். ஆய்கூடத்திற் கண்ட முடிவுகளை ஒழுங்காக வைத்து நோக்குமிடத்து, இரு சாராரும் கருதுவதினும் வேறான ஓர் உண்மை புலப்படுகின்றது.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். 1928 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் என்பார் பென்சிலியம் என்னும் பூஞ்சணம் பற்றீரியாவை அழிக்கக் கண்டார். அப்பூஞ்சணத்தினின்று பெற்ற பொருள் மருந்தாகும் என்பதை 1940 இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் புளோரி, செயின் என்போரும் அவர்தம் உதவியாளரும் எலிகளில் நிறுவினர். அதே 1940 ஆம் ஆண்டின் இறுதியில், பென்சிலினைச் சிதைக்கும் நொதியம் ஒன்று சில பற்றீரியாக்களில் உளது என்பதையும் அதே கூடத்தினர் வெளியிட்டனர். மருந்து மக்களிடம் பரவுமுன்னரே அதனை வெல்லும் கருவி கிருமியிடம் இருந்தது என்பது சிந்திக்கற்பாலது. 1945 ஆம் ஆண்டு நொபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலே பிளெமிங் இதனையே எச்சரிக்கையாகக் கூறினார். அளவிற் குறைந்த பென்சிலினை உட்கொள்வோர் கிருமியைக் கொல்லாது, அதற்கு எதிர்ப்பாற்றலைக் கற்பித்தவராவர் என்பது அவர் கருத்து.

அவ்வெச்சரிக்கை விரைவிலேயே மெய்யாயிற்று. பென்சிலினைச் சிதைக்கும் நொதியத்துக்கு அசையாத மெதிசிலின் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. அது வழக்கிற்கு வந்து இரண்டாண்டளவில், 1961 இல், அதனையும் வென்ற ஸ்டபிலோகொக்கசு ஓரியசு என்னும் கிருமி இங்கிலாந்திலே கண்டறியப்பட்டது. புண்களிற் சீழ் பிடிக்கச் செய்யும் இக்கிருமியின் மெதிசிலினை எதிர்க்கும் இனம் இன்று உலகின் வைத்தியசாலைகளுக்கெல்லாம் பெருந்தொல்லையாயுள்ளது. 2019 ஆம் ஆண்டில் மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்களாலேயே நேரே விளைந்த மரணங்கள் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் என 2022 இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று கணித்தது.

கிருமி மருந்தை வெல்லும் வழிகள் நான்கென்பர். கோட்டையொன்றை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். பகைவன் எறியும் படைக்கலத்தை வழியிலேயே முறித்தல் ஒன்று; பென்சிலினைச் சிதைக்கும் நொதியம் செய்வது இதுவே. பகைவன் குறிவைத்த இடத்தையே உருமாற்றிவிடுதல் மற்றொன்று. மெதிசிலினை எதிர்க்கும் கிருமி, அம்மருந்து பற்றும் புரதத்துக்குப் பதிலாக அது பற்றாத வேறொரு புரதத்தைக் கொண்டு தன் கலச்சுவரை அமைக்கின்றது. வாயிலை ஒடுக்கிப் படைக்கலம் உட்புகாது தடுத்தல் மூன்றாவது. உட்புகுந்ததனை வெளியே தள்ளிவிடுதல் நான்காவது. இதன்பொருட்டுக் கலமென்சவ்விலே பம்பிகள் போன்று தொழில்புரியும் புரதங்கள் உள்ளன. தோணியிற் புகும் நீரை இடைவிடாது இறைத்து ஊற்றுவான் போன்று, அவை உட்புகும் நஞ்சை உடனுக்குடன் வெளியேற்றுகின்றன. பின்னர் வரும் செய்திகளுக்கு இந்நான்காம் வழி இன்றியமையாதது.

இவ்வாற்றல்களைக் கிருமி திட்டமிட்டுப் பயில்வதில்லை. கோடிக்கணக்கான கிருமிகளுள் தற்செயலாக எதிர்ப்பாற்றல் வாய்ந்த ஒரு சில மருந்துக்குத் தப்பி எஞ்சுகின்றன. ஏனையவை மடிந்த இடத்தில் அவை பெருகுகின்றன. அன்றியும், ஒரு கிருமி தான் பெற்ற ஆற்றலைத் தாங்கிய பரம்பரையலகுகளை அயலிலுள்ள வேறினக் கிருமிக்கும் கொடுக்க வல்லது. யப்பானிலே வயிற்றுளைவை உண்டாக்கும் சிகெல்லாக் கிருமிகள் பல மருந்துகளை ஒருங்கே எதிர்த்தமையை ஆராய்ந்தோர் 1959 இல் இதனை வெளிப்படுத்தினர். ஆகவே, புதிய மருந்தொன்றைத் தனியே களத்தில் இறக்குதல், அதனை வெல்லும் கிருமியைத் தெரிந்தெடுத்து வளர்ப்பதற்கும் வழியாகின்றது.

இனி, தாவரங்களிற் கிருமிகொல்லும் பொருள்கள் ஏன் உள்ளன என்பது நோக்கற்பாலது. விலங்கு பகைவனைக் கண்டால் ஓடும். தாவரம் நின்ற இடத்திலேயே நிற்கும். விலங்கின் குருதியிற் போன்று நோயெதிர்க்கும் கலங்கள் தாவரத்தில் ஓடித் திரிவதுமில்லை. மண்ணிலும் காற்றிலும் நிறைந்த பூஞ்சணங்களுக்கும் பற்றீரியாக்களுக்கும் இடையே அது நிலைபெற்று வாழ்வதற்குப் பெருந்துணையாவன அது தன்னுள் ஆக்கும் இரசாயனப் பொருள்களே. கசப்பு, துவர்ப்பு, காரம், நாற்றம் என நாவும் மூக்கும் உணர்வன பலவும் இத்தற்காப்புப் பொருள்களின் குணங்களாம். எனவே, மூலிகைச் சாறு கிருமியைத் தாக்கும் என்பது வியப்புக்குரிய செய்தியன்று. அத்தாக்குதல் மனிதவுடலினுள் மருந்தாகப் பயன்படுமா என்பதே வினா.

இவ்வினாவுக்கு விடைகாண ஆய்கூடங்களிற் கையாளப்படும் முறை எளியது. மூலிகையை நிழலில் உலர்த்தி, இடித்துத் தூளாக்கி, நீரிலோ அற்ககோலிலோ ஊறவைத்து வடித்துச் சாரம் எடுப்பர். ஏகார்க் கூழ் பரப்பிய கண்ணாடிக் கிண்ணத்திலே கிருமியைச் சீராகப் பூசுவர். சாரத்தில் தோய்த்த சிறு கடதாசி வட்டத்தை அதன்மேல் வைத்து, உடலின் வெப்பநிலையை அண்மிய சூட்டில் ஓரிரவு வைப்பர். மறுநாட் காலையிற் கிண்ணம் முழுவதும் கிருமி படர்ந்திருக்க, கடதாசியைச் சூழக் கிருமி வளராத தெளிந்த வட்டம் காணப்படின், சாரத்துக்குக் கிருமியைத் தடுக்கும் ஆற்றலுண்டு எனக் கொள்வர். வேம்பு, துளசி, மஞ்சள், கறுவா, கராம்பு முதலிய பலவற்றுக்கு இவ்வாறு ஆற்றல் கண்டு எழுதப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் மிகப் பல. மேல்வகுப்பு மாணவரும் செய்து காணத்தக்க பரிசோதனை இது.

எனினும், அத்தெளிந்த வட்டத்தைக் கண்டவுடன் மருந்து கிடைத்துவிட்டது என மகிழ்தல் அவசரமாகும். முதலாவது, அற்ககோல் தானே கிருமிகொல்லியாதலின், சாரமின்றி அற்ககோல் மாத்திரம் தோய்த்த கடதாசியையும் அருகில் வைத்து ஒப்பிடாவிடிற் பரிசோதனை பொருளற்றதாகும். இரண்டாவது, வட்டத்தின் பருமை ஆற்றலை மாத்திரம் காட்டுவதன்று. பொருள் கூழினூடே எவ்வளவு பரவும் என்பதையும் அது சார்ந்தது. நீரிற் கரையாத எண்ணெய்ப் பொருள் வீரியமுடையதாயினும் சிறு வட்டமே தரும். மூன்றாவதும் தலையாயதும் அளவு பற்றியது. நல்ல நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒரு மில்லிலீற்றருக்குப் பத்து மைக்குறோகிராம் அல்லது அதனினும் குறைந்த அளவிலேயே கிருமியைத் தடுக்கின்றன. தாவரங்களினின்று பிரித்தெடுத்த தூய பொருள்கள் பெரும்பாலும் நூறு முதல் ஆயிரம் மைக்குறோகிராம் வரை வேண்டுகின்றன. அத்துணை அளவை மனிதனின் குருதியில் நிலைநிறுத்துதல் எளிதன்று. நிலைநிறுத்தின் கிருமியோடு நோயாளியின் கலங்களும் கெடக்கூடும். உப்பும் வினாகிரியுங்கூடக் கிண்ணத்திலே கிருமியைத் தடுக்கும். அவற்றைக் குருதியிற் செலுத்தி நோய் தீர்க்க எவரும் முயலார்.

உள்ளி இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1944 இல் அமெரிக்காவில் கவல்லிற்றோ, பெய்லி என்னும் இருவர் உள்ளியினின்று அலிசின் என்னும் கிருமிகொல்லியைப் பிரித்தெடுத்தனர். உடையாத உள்ளிப் பல்லில் அலிசின் இல்லை. அலியின் என்னும் மணமற்ற பொருளே உண்டு. பல்லை நசுக்கும்போது, அதுவரை வேறிடத்திற் பிரிந்திருந்த நொதியம் அலியினைச் சந்தித்து அதனை அலிசினாக மாற்றுகின்றது. நசுக்கிய உள்ளியின் மணம் அப்பொழுதே எழுதற்குக் காரணம் இதுவே. நசுக்காது முழுதாகவே அவித்தால் நொதியம் சூட்டிற் கெட, அலிசின் தோன்றுவதில்லை. தோன்றிய அலிசின் கிருமியின் நொதியங்களிலுள்ள கந்தக அணுக்களைப் பற்றி அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றது. ஒரே வேளையிற் பல நொதியங்களைத் தாக்குவதால், மருந்தை எதிர்க்கும் கிருமிகளும் கிண்ணத்தில் இதற்கு மடிகின்றன. ஆயின், அதே குணமே அதன் குறையுமாகின்றது. மனிதவுடலிலும் கந்தகங்கொண்ட பொருள்கள் நிறைந்துள்ளமையால், உண்ட அலிசின் அவற்றோடு தாக்கமுற்று விரைவில் மறைந்துவிடுகின்றது. உள்ளியை உண்டவரின் குருதியில் அலிசின் காணப்படுவதில்லை. கிண்ணத்தில் வீரனாய் நின்றது குருதியை அடையுமுன்னரே வீழ்ந்துவிடுகின்றது. இதனால் உள்ளி பயனற்றது என்பது முடிபன்று. உட்கொள்ளும் மருந்தாகக் கிருமியைத் தேடிச் சென்று கொல்லும் என்பது முடிபாகாது என்பதே கருத்து.

உள்ளியைப் புறத்தே இடும் மருந்தாகப் பயன்படுத்திய பழைய முறையொன்று 2015 ஆம் ஆண்டில் விஞ்ஞானிகளின் கவனத்தை ஈர்த்தது. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய ஆங்கில வைத்திய ஏடாகிய போல்டின் நூலிற் கண்கட்டிக்கு மருந்தொன்று கூறப்பட்டுள்ளது. உள்ளி, அதன் இனத்ததாகிய வெங்காயம் போன்ற மற்றொரு பூண்டு, திராட்சை மது, எருதின் பித்தநீர் ஆகியவற்றைக் கலந்து, பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவு வைத்து வடித்தல் வேண்டும் என்பது அதன் முறை. இங்கிலாந்திலுள்ள நொட்டிங்காம் பல்கலைக்கழகத்திற் பழைய ஆங்கில அறிஞரும் நுண்ணுயிரியலாரும் கூடி அம்முறையை வழுவாது செய்து சோதித்தனர். மருந்தை எதிர்க்கும் ஸ்டபிலோகொக்கசு கிருமிகளிற் பெரும்பாலானவற்றை அக்கலவை கொன்றது. பின்னர் அலிசினைத் தனியே எடுத்து ஒப்பிட்டபோது, தளர்வாய் மிதக்கும் கிருமிகளை அது கொன்றதாயினும், கூட்டமாய் ஒட்டிப் பசைப்படலத்துள் ஒளிந்த கிருமிகளை அழிக்க அதனால் இயலவில்லை, முழுக்கலவையே வேண்டியிருந்தது. கூட்டின் வன்மை உறுப்புக்களுள் எதனிலும் தனித்துக் காணப்படவில்லை.

கூட்டு ஏன் தனியினும் வலிது என்பதற்கு இரசாயன முறையில் தெளிவான விடையொன்று அமெரிக்காவிலே கிடைத்தது. பேர்பரின் என்பது பல மூலிகைகளிற் காணப்படும் கசப்பான மஞ்சள்நிற அற்கலோயிட்டாகும். இலங்கையின் ஈரவலயக் காடுகளிற் படரும் மரமஞ்சட் கொடியிலும் அஃதுண்டு. வெனிவெல் எனச் சிங்கள மக்கள் வழங்கும் அக்கொடியின் துண்டுகளைக் கொத்தமல்லியோடு அவித்துத் தடிமனுக்குக் குடிநீராகக் கொள்ளும் வழக்கத்தை இந்நாட்டார் யாவரும் அறிவர். பேர்பரின் கிருமியின் கலத்துட் புகுந்து திரள வல்லது. ஆயின், ஸ்டபிலோகொக்கசின் கலமென்சவ்விலுள்ள நோர்ஏ என்னும் பம்பி அதனை உடனுக்குடன் வெளியேற்றிவிடுகின்றது. ஆதலின் பேர்பரின் தனியே வலுக்குன்றிய கிருமிகொல்லியாகவே தோன்றுகின்றது.

2000 ஆம் ஆண்டில் ஸ்டேமிற்சு, லூயிஸ் முதலியோர் பேர்பரினை ஆக்கும் பேர்பெரிசு இனச் செடிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் மெதொட்சிஐதனோகாப்பின் என்னும் வேறொரு பொருளையும் கண்டனர். அப்பொருள் தனித்து நின்று எந்தக் கிருமியையும் தடுக்கவில்லை. கடதாசி வட்டத்தில் இட்டுப் பார்ப்போர் பயனற்றதென எறிந்துவிடக்கூடிய பொருள் அது. ஆனாற் பேர்பரினோடு சேர்ந்தபோது அது கிருமியின் பம்பியை முற்றாக அடைத்தது. பேர்பரின் கலத்தினுள்ளே திரண்டது. கிருமியின் வளர்ச்சி தடைப்பட்டது. ஒரே செடி படைக்கலத்தையும், அப்படைக்கலத்தைத் தள்ளிவிடும் கையைக் கட்டும் கயிற்றையும் ஒருங்கே ஆக்கியிருந்தது. இதே பொருள் முன்னரே குட்டநோய்க்கு வழங்கப்பட்ட சால்மூக்ரா எண்ணெயிலும் சிறிதளவு காணப்பட்டதொன்றாகும். சால்மூக்ரா இனத்து மரங்களுள் ஒன்றே சித்த வைத்தியத்திற் பெயர்பெற்ற நீரடிமுத்து. நீரடிமுத்து எண்ணெய் இவ்வாறுதான் தொழில்புரிந்தது என இதனால் நிறுவப்பட்டதாகாது. ஆயினும் ஆராயத் தகுந்த இடம் எது என்பதை இது சுட்டுகின்றது.

தனியே கொல்லாது, கொல்லும் மருந்துக்குத் துணைநிற்கும் பொருள் என்னும் கருத்து வெறுங் கற்பனையன்று. கிளவுலானிக்கமிலம் என்பது மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றினின்று பெறப்பட்டது. அதற்குத் தனிப்பட்ட கிருமிகொல்லும் ஆற்றல் மிகச் சிறிது. பென்சிலின் வகையைச் சிதைக்கும் நொதியத்தை அது முடக்குவதால், அமொட்சிசிலினோடு சேர்த்து 1981 முதல் மருந்தாக வழங்கப்பட்டு வருகின்றது. குட்டநோய் வரலாறும் இதனையே வலியுறுத்தும். நீரடிமுத்து எண்ணெயின் இடத்தை 1940 களுக்குப் பின் தப்சோன் பெற்றது. அதனைத் தனியே வழங்கியமையால் அதனை எதிர்க்கும் கிருமிகள் தோன்றின. 1981 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் பல மருந்துகளை ஒருங்கே வழங்கும் முறையை விதித்தபின்னரே நோய் அடங்கலாயிற்று. மலேரியாவை உண்டாக்குவது பற்றீரியாவன்றாயினும் அங்கும் நிலைமை இதுவே. சீனத்துப் பழைய வைத்திய நூலொன்று மூலிகையைக் கொதிக்கவையாது நீரில் ஊறவைத்துப் பிழியுமாறு கூறியதை ஊன்றி நோக்கிய தூ யூயூ என்னும் அம்மையார், 1971 இற் குறைந்த வெப்பத்திற் சாரமெடுக்கும் முறையைக் கையாண்டு வெற்றி பெற்றார். அதிற் கிடைத்த ஆட்டிமிசினினுக்காக 2015 இல் அவருக்கு நொபெல் பரிசு வழங்கப்பட்டது. அம்மருந்தையும் வாய்வழியாகத் தனியே வழங்கலாகாது, பிறிதொன்றோடு சேர்த்தே வழங்கவேண்டும் என 2006 இல் உலக சுகாதார நிறுவனம் பணித்தது.

இவற்றினின்று பெறப்படும் முடிபுகள் சில. மூலிகைகளின் பெரும்பயன், நுண்ணுயிர்க்கொல்லிகளை விலக்கி அவற்றின் இடத்தைப் பிடித்தலினும், அவை இழந்த வன்மையை மீட்டுக் கொடுத்தலிலேயே தங்கியிருத்தல் கூடும். ஆகவே ஆராய்ச்சியாளர், சாரம் தனியே தரும் வட்டத்தை அளப்பதோடு அமையாது, பயனற்றுப்போன மருந்தோடு அது சேரும்பொழுது யாது நிகழ்கின்றது என்பதையும் அளத்தல் வேண்டும். பழைய வைத்திய நூல்களைப் பயில்வோர், மூலிகையின் பெயரை மாத்திரம் குறித்துக்கொள்ளாது, எதனோடு சேர்க்க, எவ்வளவு சேர்க்க, எவ்வாறு பக்குவஞ்செய்க என்பவற்றையும் ஊன்றிப் படித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து அரசர் காலத்தெழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் பல சரக்குகளை அளவு குறித்துக் கூட்டும் முறைகளைக் கொண்டவை. அவற்றை வணங்கிப் பெட்டகத்தில் வைத்தலும் நகைத்துப் புறந்தள்ளலும் ஒரே தன்மையன. சோதித்தலே அவற்றுக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும். மரமஞ்சட் கொடி மிக மெதுவாக வளர்வது. வேரோடு வெட்டி விற்கப்படுவதாற் காடுகளில் அருகி வருவது. ஆராயத் தொடங்குமுன் மூலிகையே அழிந்துவிடின் நூல்கள் இருந்தும் பயனில்லை.

பொதுமக்கள் உணரவேண்டியதும் ஒன்றுண்டு. நியூமோனியா, குருதி நஞ்சேறல், மூளைமென்சவ்வழற்சி போன்ற நோய்களில் ஒரு நாட் காலதாமதமும் உயிரைப் போக்கும். அங்கு வைத்தியர் விதித்த நுண்ணுயிர்க்கொல்லியை விடுத்துக் கசாயத்தை நம்பியிருத்தல் பேதைமையாகும். மூலிகை இயற்கையானது, ஆதலின் தீங்கற்றது என்னும் எண்ணமும் பிழை. மேற்கூறிய பேர்பரினே பிறந்த குழந்தைகளுக்கு வரும் மஞ்சட்காமாலையை மிகுவிக்க வல்லது. அதுபற்றி 1978 இற் சிங்கப்பூர் அதனைத் தடைசெய்து, நெடுங்காலத்தின் பின்னரே தளர்த்தியது. மறுபுறம், தடிமனுக்கும் சாதாரண காய்ச்சலுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கேட்டு வாங்கி உண்போரும் பெருந்தீங்கே புரிகின்றனர். அவற்றை உண்டாக்குவன பெரும்பாலும் வைரசுகள். அம்மருந்துகள் அவற்றைத் தீண்டா. உடலில் வாழும் பற்றீரியாக்களுக்கு எதிர்ப்பாற்றலைப் பெருக்கிக்கொடுத்தலே அச்செயலின் பயனாகும். அத்தகைய சிறுநோய்களிற் கொத்தமல்லிக் குடிநீரோடு ஓய்வுகொள்வோர், தம்மையறியாமலே ஊரார்க்குப் பொதுவான மருந்துச் செல்வத்தைக் காத்தவராவர்.

நோயாளியின் நிலையும் நோயின் அளவும் காலமும் ஆராய்ந்தே வைத்தியன் செயற்படவேண்டும் என்பது மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கண்ட நெறி. கண்ணாடிக் கிண்ணத்தில் நோயாளியும் இல்லை, அவனது நோயும் இல்லை. கிருமியும் சாறும் மாத்திரமே உள. அக்கிண்ணத்தினின்று மனிதவுடலுக்குச் செல்லும் வழி நீண்டது. பொருளைத் தூய்மைப்படுத்தல், அளவு காணல், நஞ்சுத்தன்மை சோதித்தல், விலங்கிலும் பின் மனிதரிலும் ஒப்பிட்டு நோக்கல் என்னும் படிகள் பல அதிலுண்டு. அவ்வழியைப் பொறுமையோடு நடந்து முடிப்போரே, மூதாதையர் விட்டுச்சென்ற மூலிகை அறிவை வருங்காலத்தார்க்கு மருந்தாக்கிக் கொடுப்பவராவர்.